சேர்ந்தவர் கணக்கு போதும். முடித்தவர் கணக்கைச் சொல்லுங்கள்!

செப்டம்பர் 5 வந்துவிட்டால் திருத்தணியில் மாலைக்குக் குறைவில்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரல்லவா! 1888-ல் அவர் பிறந்த அந்த நாளைத்தான் நாடு ஆசிரியர் தினம் என்று கொண்டாடுகிறது. அப்படியொரு விழாவில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மைக் பிடித்துப் பேசியதைப் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்டேன்.

"சர்க்கார் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கிறது. புத்தகம் இலவசம், சைக்கிள் இலவசம், பஸ் இலவசம். கல்லூரியும் காலடியில் இருக்கிறது. இதற்கு மேலும் படிக்காதவன் சோம்பேறி. செல்போனைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன்" என்றார் அவர்.

ஜனங்கள் கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் கரும்பு வெட்டப் போகிற தாய்மார்களும் இருந்தார்கள். அதுதான் என்னைச் சுட்டது. தன் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகிறவனுக்குத் தாயே கை தட்டுகிறாள் என்றால், இந்தப் பொய் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்!

தோழர்களே, இந்தப் பொய்யைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ராதாகிருஷ்ணனிடமிருந்தே தொடங்குவோம். அவர் எப்படிப் படித்தார்? திருத்தணியில் ஆரம்பப் படிப்பு. அதன் பிறகு திருப்பதி. அப்புறம் வேலூர். அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. வசதியில்லாத குடும்பம், உபகாரச் சம்பளத்தில்தான் படிப்பு ஓடியது. அவர் தத்துவ பாடம் எடுத்த கதை ஊரறிந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கைக்கு வந்தன. ஆகவே தத்துவம் என்று முடிவாயிற்று. பிற்காலத்தில் 1948-49-ல் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை வகித்து, ஜனாதிபதியாகவும் உயர்ந்த மனிதர் என்ன படிப்பது என்பதை ஒரு பழைய புத்தகம் தீர்மானித்தது! உபகாரச் சம்பளமும் அந்தப் புத்தகமும் கிடைக்காதிருந்தால் அவரையும் சோம்பேறி என்றுதான் இந்தப் பெரிய மனிதர் சொல்லியிருப்பார். மாலை போடுகிற கை இதை யோசிப்பதில்லை.

நிற்க. சர்க்கார் சொல்லும் கணக்குக்கு வருவோம்.

2021-22-ம் வருஷத்துக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. இந்தியா முழுவதுக்கும் சேர்த்து 28.4 தான். சந்தோஷம். இதை நாம் மறுக்கவில்லை. இந்த நிலை மந்திரிமார் கருணையால் வந்ததுமல்ல. பள்ளிக்கூடம் கேட்டும் சாதிக் கதவை உடைத்தும் பல தலைமுறை போராடியதால் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த 47 என்பது கல்லூரிப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களின் கணக்கு. கடைசி வரை போய்ப் பட்டத்தைக் கையில் வாங்கியவர்களின் கணக்கு அல்ல.

நம் மலைக்கோவிலுக்கு 365 படி. அடிவாரத்தில் முதற்படியில் கற்பூரம் ஏற்றியவர்களை எண்ணி, "இத்தனை பேர் சாமி பார்த்தார்கள்" என்று யாராவது சொன்னால் சிரிக்கமாட்டோமா? நூறாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த கிழவியையும், இருநூறாவது படியில் குழந்தை அழுகிறதென்று திரும்பிய பெண்ணையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கல்லூரி விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டு கை தட்டுகிறோம்.

யார் நடுவில் உட்காருகிறார்கள்? ஏன் உட்காருகிறார்கள்? இதுதான் கேள்வி.

இரண்டு பஸ்கள்

திருத்தணியில் முருகன் பெயரைத் தாங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலுமுள்ள கிராமங்களுக்கு அதுதான் கைக்கெட்டிய கல்லூரி. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் விசைத்தறியும் வயலும்தான் வாழ்வு. அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்து டீக்கடையில், இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்ட வாலிபன் ஒருவனைச் சந்தித்தேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். ஏன் நின்றாய் தம்பி என்று கேட்டேன்.

"காலேஜ் பஸ்ஸுக்கு நான் ஓடணும்ணா. கம்பெனி பஸ்ஸு எனக்காக வந்து நிக்குது" என்றான்.

நூறு பக்க அறிக்கை சொல்லாததை இந்தப் பையன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். இருட்டு பிரியுமுன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் கிராமத்து முனைக்கு வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒரு நிமிஷம் பிசகுவதில்லை. ஏன்? ஷிப்டில் ஆள் குறைந்தால் முதலாளிக்கு நஷ்டம். வகுப்பில் பையன் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அவனுக்கும் அவன் அம்மாவுக்கும்தான். ஆகவே டவுன் பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. வந்த பஸ்ஸிலும் ஏற இடமில்லாமல் படியில் தொங்குகிறார்கள்.

பஸ் இலவசம் என்றார் பெரிய மனிதர். உண்மை, மாணவருக்கு இலவசப் பாஸ் இருக்கிறது, பெண்களுக்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல காரியங்கள். ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாகப் போய் என்ன பிரயோஜனம்?

இதில் இன்னொரு கொடுமை. பரீட்சை எழுத நூற்றுக்கு 75 நாள் வருகை வேண்டும் என்பது விதி. குறைந்தால் பல கல்லூரிகளில் மன்னிப்புக் கட்டணம் என்று ஒன்று வசூலிக்கிறார்கள்; இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. பஸ் வராத குற்றத்துக்கு, அதற்காகக் காத்து நின்றவன் அபராதம் கட்டுகிறான்! கரும்பு வெட்டு சீசனில் அப்பனோடு கூலிக்குப் போனவனும், பாவு அவசரமென்று தார் சுற்ற வீட்டில் நின்றவளும் இதே அபராதம் கட்ட வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் போகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். அந்தப் பதிவேட்டை அபராதம் போட மட்டுமே திறக்கிறார்கள். நாலு நாள் வராதவன் வீட்டுக்கு ஆளனுப்பி "என்னப்பா சங்கதி?" என்று கேட்பதற்கும் அதே பதிவேடு போதுமே.

பத்தாம் வகுப்போடு பசி தீர்ந்துவிடுமா?

1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. உலகம் பாராட்டுகிறது, நாமும் பாராட்டுவோம். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதில் பசிக்காதா? பச்சைக் குழந்தையை விட அப்போதுதானே அதிகம் பசிக்கும்! ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் பொருளாதாரப் பாடம் நடத்துகிறார்கள். வறுமையைப் பற்றிய பாடமாக இருந்தால் அவளே நடத்திவிடுவாள்.

ஹாஸ்டலில் தங்கலாமே என்பார்கள். ஆதிதிராவிடர், பிற்பட்டோர் விடுதிகளில் கல்லூரி மாணவர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவாக மாதம் 1,100 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2023-ல் அதை 1,500 ஆக உயர்த்தினார்கள். முப்பதால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து! கம்பெனி காண்டீனில் சாப்பிடுகிற தோழர்களுக்கு இந்த 50 ரூபாயின் யோக்கியதை தெரியும். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றினார்கள். சாதிப் பெயர் போனது நல்லதுதான், யாரும் வருந்தவில்லை. பலகையில் ஏறிய நீதி குழம்பிலும் கொஞ்சம் இறங்கட்டும் என்கிறோம்.

2022-ல் அதே செப்டம்பர் 5-ல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். இந்த ஆயிரத்தை ஏளனம் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த ஆயிரம் தன் பெயரில் பாங்கியில் விழுகிறது என்பதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் கணக்கு கணக்குத்தான். நாளைக்கு 33 ரூபாய். ஒரு நாள் நடவுக்கோ, தறிக்கோ போனால் வரும் கூலியோடு இது போட்டி போட முடியாது. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த 33 ரூபாய் பிள்ளையைக் கல்லூரியில் பிடித்து வைக்காது.

வெளியூர்ச் சங்கதி ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் 2004-ல் ஏழை வீட்டு 16 முதல் 18 வயதுப் பிள்ளைகள் மேற்படிப்பில் தொடர்வதற்காக வாரம் 30 பவுன் வரை கொடுத்தார்கள். ஒழுங்காக வகுப்புக்கு வந்தால் பணம். 2010-ல் கன்சர்வேடிவ் தலைமையில் வந்த கூட்டணி சர்க்கார், சிக்கனம் என்ற பெயரில், இதை ரத்து செய்வதாக அறிவித்தது. பாங்கிகளைக் காப்பாற்றப் பணம் இருந்தது. பஸ் சார்ஜுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இல்லை! மாணவர்கள் லண்டன் வீதிகளில் இறங்கினார்கள். அப்படியும் பறித்துவிட்டார்கள். கொடுத்ததைப் பிடுங்குவது எவ்வளவு சுலபம் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே ஆயிரம் ரூபாயை இலவசம் என்று இளிக்கிறவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

'கௌரவ' விரிவுரையாளர்

சரி, பஸ் பிடித்து, பசி பொறுத்து வகுப்புக்கு வந்தாயிற்று. யார் பாடம் நடத்துகிறார்? அரசு கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். என்ன கௌரவம் தெரியுமா? வருஷத்தில் 11 மாதம் மட்டும், மாதம் 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இவர்களில் ஏராளம். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது; அந்த வருஷம் பரீட்சையே நடக்கவில்லை.

ஆசிரியர் பிரச்னை ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். மில்லில் பதிலி ஆளாக இருந்தவர்களுக்கு இது புரியும். நாளை வேலை உண்டா என்று தெரியாதவன் இயந்திரத்தைத் தன்னுடையதாக நினைப்பானா? ஒரு பையனை முதல் வருஷத்திலிருந்து மூன்றாம் வருஷம் வரை கண்ணில் வைத்துப் பார்க்க, மூன்று வருஷம் அங்கே இருப்போம் என்ற நம்பிக்கை வாத்தியாருக்கு வேண்டும். அது இல்லாமலும் சொந்தக் காசில் மாணவனுக்குப் பரீட்சைப் பணம் கட்டுகிற கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனசை வைத்துச் சர்க்கார் செலவை மிச்சம் பிடிக்கிறது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கஷ்டமும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்தின் பலன் அது. கோடு போட்டார்கள், நாக்கின் மேல் கோடு போட முடியுமா? இங்கே எத்தனையோ உழைப்பாளி வீடுகளில் பேச்சு தெலுங்கு, பள்ளியில் தமிழ், கல்லூரிப் புத்தகம் இங்கிலீஷ். முதல் செமஸ்டரிலேயே இங்கிலீஷ் அரியர் விழுகிறது. அடுத்த செமஸ்டரில் இரண்டு. அதற்கு மேல் "எனக்குப் படிப்பு வராது" என்று அவனே முடிவு கட்டிவிடுகிறான். முதல் மூன்று மாதம் மொழிக்காக மட்டும் தனி வகுப்பு வைத்தால் இவர்களில் பெரும்பாலோர் தப்பிப்பார்கள் என்று அனுபவமுள்ள ஆசிரியர்களே சொல்கிறார்கள்.

"படிப்பு வராது" என்ற அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாவதோடு நின்றவன் நான். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். பத்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது: மேல்படிப்புப் பள்ளி பத்து மைல் தள்ளி இருந்தது, எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லை. சைக்கிள் இல்லாததற்குப் படிப்பு வராது என்று பெயர் வைத்திருந்தோம்.

கம்பெனிக்குப் போனால் என்ன?

"டிகிரி வாங்கி என்ன கிழிக்கப் போகிறான்? கம்பெனிக்குப் போனால் நாலு காசு பார்க்கிறானே" என்று தோழர்களில் சிலரே கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

டீக்கடையில் பார்த்த பையன் கம்பெனியில் யார்? தொழிலாளியா? இல்லை, அப்ரண்டிஸ். 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு என்ன சொல்கிறது? பயிற்சி பெறுகிறவன் தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா. தொழில் கற்றுக்கொள்ள வந்த பையனைக் காப்பாற்ற எழுதிய சட்டம். ஆனால் நிரந்தர ஆள் பார்க்கும் அதே மெஷினில், அதே ஷிப்டில் நிறுத்திவிட்டு "நீ மாணவன்" என்று சொல்லப் பல முதலாளிகளுக்கு அது வசதியாகிவிட்டது. 2019-ல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 முதல் 9,000 வரை. பயிற்சி முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஊர்ப் பையன்களை ஏற்றிக்கொள்ள அதே பஸ் வருகிறது. கல்லூரியை விட்டவன் கம்பெனியிலும் நிலைக்கவில்லை. 22 வயதில் மறுபடி டீக்கடைக்கு வந்துவிட்டான்.

அவன் திரும்பிக் கல்லூரிக்குப் போக வழி உண்டா? அதைத்தான் கேட்க வேண்டும். ரஷ்யாவில் புரட்சிக்குப் பின், 1919-ல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், தொழிலாளர் பாடசாலைகள் என்று ஆரம்பித்தார்கள். ராப்ஃபாக் என்று பெயர். பள்ளியை முடிக்காத மில் தொழிலாளியையும் விவசாயியையும் உபகாரச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்து, பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்து அனுப்பினார்கள். 1940 வாக்கில் அவற்றை மூடிவிட்டார்கள். சோவியத் நாடே 1991-ல் இல்லாமல் போயிற்று. ஆனால் ரொட்டிக்கே தட்டுப்பாடான ஒரு தேசம், "நடுவில் நின்றவனைத் திரும்பக் கூப்பிடுவது சர்க்கார் கடமை" என்று செய்து காட்டியது சரித்திரத்திலிருந்து அழியாது. இங்கே நின்றவனுக்கு அரியர் பீஸ் கட்டக் கடைசித் தேதி மட்டும் தெரிவிக்கிறார்கள்.

இதற்கிடையில் ஒரு சண்டை. கோவில் பணத்தில் கல்லூரி கட்டலாமா? 2021-ல் அறநிலையத்துறை சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் பெயரில் கலைக் கல்லூரி தொடங்கியது. 2025 ஜூலையில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி கோவையில், இதை மக்கள் சதியாகப் பார்க்கிறார்கள் என்று பேசினார். கண்டனம் கிளம்பியதும், சர்க்கார் தன் பணத்தில் கட்ட வேண்டும் என்பதே தன் கருத்து என்று விளக்கம் சொன்னார். பழனிக் கோவில் எத்தனையோ வருஷமாய்க் கல்லூரி நடத்துகிறது. அப்போதெல்லாம் எங்கே போயிற்று இந்தச் சதி? ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வந்து உண்டியலில் போடுகிறவன் நம் கூலிக்காரன். அவன் போட்ட காசு அவன் பேத்தியின் படிப்புக்குப் போனால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். இருந்தாலும் பாருங்கள், இரு தரப்பும் கட்டடத்தைப் பற்றியே சண்டை போட்டார்கள். உள்ளே போன பிள்ளை வெளியே எப்படி வருகிறான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு அரசுக் கல்லூரி வாசலிலும் ஒரு பலகை வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்தவர் எத்தனை, பட்டம் வாங்கியவர் எத்தனை, எந்த செமஸ்டரில் எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள்: அது எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்படட்டும். முதலிடம் வாங்கிய ஒருத்தியின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்கட்டும். மதியச் சாப்பாடு கல்லூரி வரை வரட்டும். விடுதிச் சாப்பாட்டுக்கு 50 ரூபாய் என்று நிர்ணயித்தவர்கள் ஒரு மாதம் அங்கே சாப்பிட்டுவிட்டுத் தொகையை மறுபடி நிர்ணயிக்கட்டும். காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர் வேண்டும். இவை கோட்டையில் முடிவாக வேண்டியவை, நாளாகும்.

நாளாகாதது ஒன்று உண்டு: முதல் வகுப்புக்கு நேரத்தோடு போய்ச் சேரும்படி காலையில் ஒரு பஸ், வகுப்பு முடிந்ததும் திரும்ப ஒரு பஸ். இதற்கு மட்டும் தனி மனு தயாராகியிருக்கிறது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரக் கிராமங்களில் தோழர்கள் வீடு வீடாகக் கொண்டு வருவார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள், தங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவர் யார், எந்த வருஷம் நின்றார், எதனால் நின்றார் என்பதையும் பக்கத்தில் எழுத இடம் விட்டிருக்கிறோம். 'படிப்பு வரவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், காரணத்தை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், வருகிற தோழர் எழுதிக்கொள்வார்.